பக்கம் 214, ஒன்பதாவது வரி

நிதியமைச்சர் பட்ஜெட் வாசிக்க எழுந்தபோது மணி பதினொன்று. வாசித்து முடித்துத் தண்ணீர் குடித்தபோது பன்னிரண்டே முக்கால். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நாலாயிரத்து நூறு பேருடைய பென்ஷன் பணத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய் ஆவியாகிவிட்டது. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அவர் பேசினார், சந்தை கேட்டது, விலை விழுந்தது.

பணம் யாருடையது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பஸ் தொழிலாளர் பென்ஷன் நிதியின் முதலீட்டு அதிகாரி. பட்டம்தான் பெரிது. அலுவலகம் டிப்போவுக்கு மேலே, மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கீழே பஸ் ரிவர்ஸ் எடுத்தால் என் மேசையில் டீ தளும்பும். ஓய்வு பெற்ற டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், அவர்கள் போய்விட்டால் அவர்களுடைய மனைவிமார் என்று நாலாயிரத்து நூறு பேர் இந்த நிதியை நம்பி மாதத்தை ஓட்டுகிறார்கள். நானும் பதின்மூன்று வருஷம் இதே டிப்போவில் கண்டக்டராக இருந்தவள்தான். மாலைக் கல்லூரியில் படித்துப் பாஸ் செய்து, தோள்பையைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்கு வந்து ஏழு வருஷமாகிறது. 'கண்டக்டரம்மா பத்திரம் வாங்கறாங்களாம்' என்று சிரித்தவர்களின் பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எனக்கு ஞாபகசக்தி அதிகம், மன்னிக்கும் குணம் கொஞ்சம் குறைவு.

நிதியின் சட்டம் படு கறாரானது. நாங்கள் தரவேண்டிய பென்ஷன் மொத்தத்தையும் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு நாள் மதிப்பீடு. அன்று எங்கள் சொத்தின் சந்தை விலை நூறாவது இருக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தால் எல்லாருடைய பென்ஷனிலும் பத்தில் ஒரு பங்கு வெட்டு. மூன்று ரூபாய் குறைந்தால் நான்கில் ஒரு பங்கு வெட்டு. அடுத்த வருஷ மதிப்பீடு வரை வெட்டியது வெட்டியதுதான். பட்ஜெட் அன்று காலை நாங்கள் நூற்றிரண்டில் இருந்தோம், மத்தியானம் தொண்ணூற்றொன்பதில். மதிப்பீட்டு நாளுக்குப் பதினேழு நாள் பாக்கி இருந்தது.

ஏன் விழுந்தது? அமைச்சர் செலவை அள்ளி வீசினார். ரோடு, பாலம், ஆஸ்பத்திரி, இரண்டாயிரம் புது பஸ். புது பஸ் என்றதும் கீழே டிப்போவில் விசில் பறந்தது. மேலே என் திரை முழுக்கச் சிவப்பு. எங்கள் சொத்தில் முக்கால்வாசி நீண்ட கால அரசுப் பத்திரங்கள். அரசு அதிகம் செலவழித்தால் அதிகம் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கப் புதுப் பத்திரங்களைச் சந்தையில் கொட்ட வேண்டும். அத்தனையும் விலைபோக வட்டியை ஏற்றித் தர வேண்டும். புதுப் பத்திரம் எட்டு ரூபாய் வட்டி தரும்போது, என் கையில் இருக்கும் ஏழு ரூபாய்ப் பத்திரத்தை முழு விலை கொடுத்து எவன் வாங்குவான்? போதாக்குறைக்கு, இவ்வளவு பணம் புழங்கினால் விலைவாசி ஏறும், அதை அடக்க மத்திய வங்கியும் வட்டியை உயர்த்தும் என்ற பயம் வேறு. மத்திய வங்கியின் முடிவு வெள்ளிக்கிழமை வர இருந்தது.

டிவியில் என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, ஒரு பெரிய வங்கியின் பத்திரப் பிரிவுக்குத் தலைவி.

"பற்றாக்குறை ஒன்றரை மடங்கு ஆகியிருக்கு. கடனும் அதே அளவுக்கு ஏறும். நீண்ட காலப் பத்திரம் வெச்சிருக்கவங்க உடனே வெளிய வந்துடறது நல்லது" என்றாள்.

அவள் சொன்ன ஐந்தாவது நிமிடம் விலை இன்னும் கால் ரூபாய் இறங்கியது. கெட்டிக்காரிதான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் பணத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவளுக்குத்தான் போன் போடுவார்கள், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சரி. எனக்கு அந்த எரிச்சல் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

டிவியை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். டிப்போவிலிருந்து இரண்டு தெரு தள்ளி அரசு அச்சகத்தின் விற்பனை நிலையம். பட்ஜெட் புத்தகம் ஒரு மணிக்கு அங்கே வரும். கவுண்டரில் இருப்பவர் என்னைப் பார்த்ததுமே சிரிப்பார்.

"வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்கறது நீங்க ஒருத்தர்தாம்மா. மத்தவங்க எல்லாம் நாலு பக்கச் சுருக்கத்தோட சரி."

"நாலு பக்கத்துல நல்ல சேதியை மட்டும்தான் சார் போடுவாங்க" என்று சொல்லி, செங்கல் கனத்தில் இருந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

புத்தகத்தைப் பின்னாலிருந்து படிப்பது என் வழக்கம். கண்டக்டர் வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. முன்படியில் ஏறுபவர்கள் ஒழுங்காக டிக்கெட் எடுத்துவிடுவார்கள், நழுவுகிறவர்கள் எல்லாம் பின்படியில்தான் ஏறுவார்கள். பட்ஜெட்டும் அப்படித்தான். முன்பக்கத்தில் என்ன செலவு என்று விலாவாரியாக இருக்கும். காசு எங்கிருந்து வருகிறது என்பது கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும்.

பக்கம் 214. தலைப்பு: பற்றாக்குறைக்கு நிதி திரட்டும் வழிகள். சந்தைக் கடன் எவ்வளவு என்று பார்த்தேன். போன வருஷம் என்ன தொகையோ அதே தொகை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு பைசா கூடவில்லை. பற்றாக்குறை ஒன்றரை மடங்கு, கடன் மட்டும் பழைய அளவு. மீதிக்கு என்ன செய்கிறார்கள்? ஒன்பதாவது வரியில் இருந்தது: 'மத்திய வங்கியிலுள்ள அரசின் கையிருப்பிலிருந்து எடுப்பது.'

என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கையிருப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த ஆசாமி. மத்திய வங்கி வாரம் தவறாமல் ஓர் அறிக்கை வெளியிடும். புதன்கிழமைதோறும் டீயோடு அதைப் படிப்பேன். அரசும் நம்மைப் போலக் கணக்கு வைத்திருக்கிறது, அதன் கணக்கு மத்திய வங்கியில் இருக்கிறது. இரண்டு வருஷமாக அரசு கடன் வாங்கி வாங்கி அந்தக் கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தது. டெண்டர் இழுபறி, நில வழக்கு, ஒரு வேலையும் தொடங்கவில்லை. பணம் சும்மா தூங்கியது. இப்போது அதை எழுப்பிச் செலவழிக்கப் போகிறார்கள்.

அப்படியானால் எல்லாமே தலைகீழ். சந்தையில் கூடுதலாக ஒரு பத்திரமும் வரப்போவதில்லை. அது மட்டுமா? மத்திய வங்கிக்குள் பூட்டிக்கிடந்த பணம் வெளியே வந்து கான்ட்ராக்டர்களின் கணக்குக்கும், பஸ் செய்கிறவர்களின் கணக்குக்கும், கூலியாட்களின் கணக்குக்கும் போகும். அந்தக் கணக்குகள் எல்லாம் ஊரிலுள்ள வங்கிகளில் இருக்கின்றன. வங்கிகளின் கையில் பணம் நிரம்பி வழியும். வழிகிற பணத்தைச் சும்மா வைத்திருக்க எந்த வங்கிக்கும் மனசு வராது. எதை வாங்குவார்கள்? அரசுப் பத்திரத்தைத்தான். இன்று பயந்து விற்றுத் தள்ளுகிறவர்களே நாளை வரிசையில் நின்று வாங்குவார்கள்.

சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நாத்தனார் போன் செய்தாள், ஸ்பீக்கரில் போட்டேன். நான், என் வீட்டுக்காரர், மாமியார் மூவரும் மேசையில் இருந்தோம். இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் போனபிறகு அத்தைக்கு எங்கள் நிதியிலிருந்துதான் பென்ஷன். அதோடு, பென்ஷன்தாரர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த அறங்காவலரும் அவர்தான், நான் அதிகாரியாக வருவதற்கு முன்பிருந்தே. ஐந்து அறங்காவலர்கள் கொண்ட குழுதான் எனக்கு மேலதிகாரி. அதாவது வீட்டிலும் அவர்தான் எனக்கு மேலே, ஆபீசிலும் அவர்தான் எனக்கு மேலே. எனக்கு வாய்த்த ராசி அப்படி.

"அண்ணி, எல்லாத்தையும் தள்ளிவிட்டீங்களா?" என்றாள் நாத்தனார்.

"இல்லை. விக்கப்போறதும் இல்லை" என்று சொல்லி, கையிருப்பு விஷயத்தை விளக்க ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே வெட்டினாள்.

"அண்ணி, பற்றாக்குறை ஏறினா கடன் ஏறும். பன்னெண்டு வருஷமா ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் அப்படித்தான். இது டிக்கெட் கிழிக்கிற வேலை இல்லை. அம்மாவோட காசு அதுல இருக்கு, விளையாடாதீங்க."

சுருக்கென்று தைத்தது. பதிலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர், "எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடு" என்றார். தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அவருக்கு எப்போதும் அகோரப் பசி எடுக்கும். அத்தை சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அவசரக் கூட்டம். டிப்போ மேனேஜர் அறையில் ஐந்து நாற்காலி, எனக்கு ஒரு ஸ்டூல். தலைவர் ஓய்வு பெற்ற டிரைவர். நல்ல மனுஷன்தான், ஆனால் முன்னால் போகிற வண்டி பிரேக் போட்டால் இவரும் போட்டுவிடுவார்.

"தொண்ணூத்தொம்பதுல நிக்கறோம்" என்று ஆரம்பித்தார். "இப்பவே வித்து ரொக்கமா வெச்சுக்கிட்டா பத்துல ஒரு பங்கு வெட்டோட போயிடும். வெள்ளிக்கிழமை மத்திய வங்கி வட்டியை ஏத்தினா தொண்ணூத்தாறு, தொண்ணூத்தஞ்சுன்னு போகும். அப்புறம் நாலுல ஒரு பங்கு போச்சு. மருந்து வாங்கறவன் வயித்துல அடிக்க முடியாது. வித்துடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதுதான் எனக்கு இருந்த கஷ்டம். நான் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். வெட்டே இல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறது, விற்றால் நாமே நம் கையால் வெட்டிக்கொள்கிறோம் என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துச் சொன்னார். "டிவில அவ்வளவு பெரிய பேங்க்ல இருக்கவங்க விக்கச் சொல்றாங்க. இவங்க ஒருத்தங்க மட்டும் வேணாங்கறாங்க."

வாக்கெடுப்பு. விற்க வேண்டும் என்று தலைவர், மேனேஜர். விற்கக்கூடாது என்று யூனியனின் இரண்டு பிரதிநிதிகள். அவர்கள் என்னை நம்பிக் கை தூக்கவில்லை. மேனேஜர் கை தூக்கிய எதற்கும் அவர்கள் தூக்கிய சரித்திரம் கிடையாது. இரண்டுக்கு இரண்டு. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள்.

"மாமியார், மருமக கூட்டணி. முடிவு தெரிஞ்சதுதானே?" என்று தலைவர் அலுத்துக்கொண்டார்.

"கூட்டணியா? எங்க வீட்டுல ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்க" என்றார் அத்தை. "எனக்கு இவங்க சொல்ற எதுவும் முழுசாப் புரியலை. ஆனா என் பென்ஷன் விஷயத்துல என் மகளும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கறாங்க. ரெண்டு பேரையும் கேட்டுட்டுத்தான் கை தூக்குவேன்."

போனை எடுத்து மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு மகளை அழைத்தார்.

"ஏம்மா, அரசாங்கம் இந்தச் செலவுக்கெல்லாம் காசை எங்கேருந்து எடுக்குது?"

"கடன்தாம்மா. வேற எங்கேருந்து?"

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதியிருக்க வேணாம்மா. பற்றாக்குறையைப் போட்டா எங்க கம்ப்யூட்டர்லயே கடன் தொகை வந்துடும்."

"நான் கம்ப்யூட்டரைக் கேக்கலை. புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அம்மா, அறுநூறு பக்கம் யாரும்மா படிப்பாங்க? சுருக்கம் வரும், அதைத்தான் எல்லாரும் பாப்போம்" என்றாள் அவள், கொஞ்சம் கடுப்போடு.

அத்தை போனை வைத்தார். என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"பக்கம் இருநூத்திப் பதினாலு, ஒன்பதாவது வரி, அத்தை."

"என் வீட்டுக்காரர் ஓட்டின வண்டியில ரூட் பலகையைப் படிக்காம ஏறினவங்களை நிறையப் பாத்திருக்கேன்" என்றார் அத்தை. "படிச்சவளுக்கு என் ஓட்டு. விக்க வேணாம்."

எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. இதுவரை நான் சரியா தப்பா என்பது வாதம். இனி அது நாலாயிரத்து நூறு பேருடைய சாப்பாடு. புத்தகத்தில் எழுதியிருப்பது அரசு என்ன செய்யும் என்பது மட்டுமே. மத்திய வங்கி என்ன செய்யும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. அது வட்டியை உயர்த்தலாம். அல்லது அரசிடமிருந்து வெளியே வரும் பணத்தை வங்கிகளிடமிருந்து மறுகையால் உறிஞ்சி மறுபடி பூட்டி வைக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் என் கணக்கு மண்ணைக் கவ்வும்.

வியாழக்கிழமை விலை தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது. மேனேஜர் மூன்று முறை மாடி ஏறி வந்து, ஒவ்வொரு முறையும் ஒன்றுமே கேட்காமல் திரையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டிப்போவில் செய்தி பரவி, பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்க ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் எனக்குப் பழைய டிரைவர், நாங்கள் ஒன்றாக எத்தனையோ டிரிப் போனவர்கள். "ஏம்மா, வெட்டுவாங்களா?" என்று கேட்டார். "வெட்ட விடமாட்டேன்ணே" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

வெள்ளிக்கிழமை காலை தொண்ணூற்றேழு ரூபாய் பத்து காசு. இன்னும் பத்து காசு இறங்கினால் நான்கில் ஒரு பங்கு. அத்தை என்னோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். தலைவரும் வந்தார். மத்திய வங்கியின் அறிக்கை பதினொன்றரைக்கு வர இருந்தது. பதினொன்று இருபதுக்கு நான் திரையை மூன்றாவது முறையாகத் துடைப்பதை அத்தை பார்த்துவிட்டார்.

"என்ன?"

"பயமா இருக்கு அத்தை. தப்பாப் போச்சுன்னா உங்க பென்ஷனும் சேத்துப் போகும்."

"போனா உன் சம்பளத்துலேருந்து புடிச்சுக்கறேன்" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினொன்றரை. திரையில் முதல் வரி வந்தது: வட்டி விகிதத்தில் மாற்றமில்லை. தலைவர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். நான் கையைக் காட்டி அமர்த்தினேன். அது பாதிக் கிணறுதான். விலை இருபது காசு ஏறி, மறுபடி பத்து காசு இறங்கித் தடுமாறியது. நான் அறிக்கையின் கடைசிக்குப் போனேன். கடைசிக்கு முந்தின பத்தியில் இருந்தது. விலைவாசி இறங்குமுகமாக இருக்கிறது. அரசின் கையிருப்பிலிருந்து வெளியேறும் பணம் வங்கிகளிடமே இருக்க அனுமதிக்கப்படும். அதை உறிஞ்சும் நடவடிக்கை எதையும் மத்திய வங்கி உத்தேசிக்கவில்லை.

நான் அதைச் சத்தம்போட்டு வாசித்தேன். இரண்டாவது தடவையும் வாசித்தேன். சந்தைக்கு அந்தப் பத்தியைக் கண்டுபிடிக்க ஆறு நிமிடம் ஆனது. அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! கையிருப்பா, எந்தக் கையிருப்பு, எவ்வளவு என்று ஊரே புத்தகத்தைத் தேடியிருக்கிறது. விலை தொண்ணூற்றெட்டைத் தாண்டியது, தொண்ணூற்றெட்டரை, தொண்ணூற்றொன்பது. மத்தியானத்துக்குள் தொண்ணூற்றொன்பதே முக்கால். தலைவர் திரைக்கு முன்னால் நின்று, "ஏறு, ஏறு, இன்னும் இடம் இருக்கு, உள்ள போ" என்று பஸ்ஸில் கூட்டம் ஏற்றுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்.

அச்சகக் கவுண்டர்காரர் சாயங்காலம் போன் செய்தார். "என்னம்மா பண்ணீங்க? ரெண்டு மணிக்குள்ள நூத்தி நாப்பது புத்தகம் வித்துப்போச்சு. கோட்டு சூட்டு போட்டவங்க எல்லாம் வரிசையில நிக்கறாங்க" என்றார்.

திங்கட்கிழமை அரசு தன் வருஷக் கடன் அட்டவணையை வெளியிட்டது. எந்த வாரம் எவ்வளவு பத்திரம் ஏலத்துக்கு வரும் என்று தேதி வாரியாக இருந்தது. போன வருஷத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன், தேதிகள் மட்டும்தான் மாறியிருந்தன. அன்றைக்கு நூறைத் தாண்டினோம். அதற்கடுத்த புதன்கிழமை வாராந்திர அறிக்கையில் அரசின் கையிருப்பு முதல் தடவையாக இறங்கியது, வங்கிகளின் கையிருப்பு அதே அளவுக்கு ஏறியது. சொன்னபடியே வங்கிகள் பத்திரங்களை வாங்கிக் குவித்தன. வாங்கிய வங்கிகளில் என் நாத்தனாரின் வங்கியும் ஒன்று. விற்றதைவிட நாலு ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கினார்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

ஆனால் நாத்தனாரிடம் ஒரு நேர்மை உண்டு. அந்த வாரம் டிவியில் அவள் மழுப்பவில்லை. "தப்பு எங்க மேலதான். பற்றாக்குறையும் கடனும் ஒண்ணுன்னே பழகிட்டோம். புத்தகத்தைத் திறக்கலை" என்று நேரடியாகச் சொன்னாள். அத்தை டிவியைப் பார்த்து, "இதைச் சொல்லவும் ஒரு தைரியம் வேணும்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் என் பட்டியலிலிருந்து அவள் பெயரை உடனே அடித்துவிடவில்லை.

மதிப்பீட்டு நாள் வந்தது. சந்தை மூன்றரைக்கு முடியும். டிப்போ முற்றத்தில் முந்நூறு பேருக்குக் குறையாமல் பென்ஷன்தாரர்கள் கூடிவிட்டார்கள். ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, பழைய காக்கிச் சட்டை. பஸ்கள் வெளியே போக வழியில்லாமல் வரிசையாக நின்றன. யாரும் ஹாரன்கூட அடிக்கவில்லை. மூன்று மணிக்கு நாத்தனாரின் கார் கேட்டில் வந்து நின்றது. கூப்பிடாமலே வந்திருந்தாள். மாடியேறி வந்து, "அண்ணி, அன்னிக்கு டிக்கெட் கிழிக்கிற வேலை இல்லைன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுடுங்க" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன். மொதல்ல உக்காரு, டீ குடி" என்றேன்.

மூன்றரை. கணக்குத் தணிக்கையாளர் கடைசி விலைகளைப் போட்டுக் கூட்டினார். இரண்டாவது முறை கூட்டினார். மூன்றாவது முறை அவர் கூட்ட ஆரம்பித்தபோது அத்தை, "தம்பி, நான் கெழவி, அவ்வளவு நாள் இருக்கமாட்டேன்" என்றார். அவர் காகிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். நூற்றொரு ரூபாய் முப்பது காசு.

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தணிக்கையாளர் முன்னாலேயே அழுதேன். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார், விடவே இல்லை. மேனேஜர், "அடுத்த வருஷம் புத்தகம் ஆளுக்கொண்ணு வாங்கிடுவோம்" என்றார். அவருடைய அகராதியில் அதற்குப் பெயர் பாராட்டு.

எல்லாரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினோம். பஸ் புறப்படும் நேரம் அறிவிக்கும் அறையில் மைக் இருந்தது. தலைவர் அறிவிக்கத் தொண்டையைச் செருமினார். அத்தை அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். டிப்போவின் எல்லா ஒலிபெருக்கியிலும் அந்தக் குரல் வந்தது. "பென்ஷன்ல ஒரு காசு குறையாது. யாருக்கும் குறையாது."

முற்றத்தில் எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரியவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என் பழைய டிரைவர் அண்ணன் ஊன்றுகோலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தை சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"இன்னும் முடிக்கலை. விக்கச் சொன்னது என் மக. இதோ, இங்கதான் நிக்கறா. விக்கமாட்டேன்னு நின்னது என் மருமக, உங்க கண்டக்டரம்மா. அவளை மேல அவ ரூமுக்கு அனுப்பறேன். நீங்க ஒவ்வொருத்தரும் மேல போயி அவளைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். மூணு மாடிதான், மெதுவா ஏறுங்க."

நாத்தனார்தான் முதலில் கைதட்டினாள். நான் முன்னால் மேலே ஓடினேன். அப்புறம் முந்நூறு பேரும் படிக்கட்டை நோக்கித் திரும்பினார்கள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். கடைசி ஆள் வந்து என் கையைப் பிடித்தபோது மணி ஆறு தாண்டிவிட்டது. அதுவரை டிப்போவிலிருந்து ஒரு பஸ்கூடப் போகவில்லை, அதைப் பற்றி ஒரு பயணிகூடப் புகார் கொடுக்கவில்லை.